மீந்துபோன மஞ்சள் கருவைக் கெடாமல் எடுத்து வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெள்ளைக் கருவை மட்டும் கேட்கும் எதையாவது செய்தால், மெரிங்கோ மாக்கரோனோ ஏஞ்சல் கேக்கோ எதுவாக இருந்தாலும் சரி, வேலை முடிந்த பிறகு சமையல் மேடையில் ஒரு கிண்ணம் மஞ்சள் கரு மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும். ஏஞ்சல் கேக் ஒன்றுக்கே 12 வெள்ளைக் கரு வரை போய்விடும், அப்படியென்றால் மிச்சமும் அதே 12. அந்த நேரத்தில் கை ஓய்ந்து போயிருக்கும். கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவோம். மறுநாள் திறந்தால் மேலே தோல் கட்டியிருக்கும், அதற்கும் மறுநாள் லேசாக ஒரு வாடை, அப்புறம் கொட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

இப்படிக் கொட்டுவது எனக்கு மனசே வராத விஷயம். ஒரு முட்டையில் இருக்கும் கொழுப்பு ஏறக்குறைய முழுவதும், வைட்டமின் ஏ, டி, இரும்புச்சத்தில் பெரும் பகுதி என எல்லாமே மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. சுவையும் நிறமும் கூட அதில்தான். இதை எடுத்து வைக்க நல்ல வழிகள் இருக்கின்றன, எதுவும் கஷ்டமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது: மீந்த கரு என்னவாகப் போகிறது, இனிப்பா காரமா, நாளைக்கா அடுத்த மாதமா என்பதை முட்டையைப் பிரிக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். தண்ணீரில் வைப்பதா, உப்புப் போட்டு உறைய வைப்பதா, சர்க்கரை போட்டு உறைய வைப்பதா, வேகவைப்பதா என்பதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தது. இரண்டு நாள் கழித்து அதே முடிவை எடுத்தால் கையில் பாதி வழிதான் மிஞ்சியிருக்கும்.

மஞ்சள் கரு ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது

ஓட்டுக்குள் இருக்கும் வரை மஞ்சள் கருவுக்குக் காவல் அதிகம். வெளியே ஓடு, அதற்குள் சவ்வு, அதற்கும் உள்ளே வெள்ளைக் கரு. வெள்ளைக் கருவில் லைசோசைம் போன்ற புரதங்கள் உண்டு, அவை கிருமிகளை வளரவிடாமல் தடுக்கும். இத்தனையையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு மெல்லிய பை, அதற்குள் பாதிக்குப் பாதி தண்ணீர், மீதியில் பெரும்பகுதி கொழுப்பும் புரதமும். கிருமிகளுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்காது. அதோடு, காற்றுப் பட்டால் மேல்பகுதி காய்ந்து தோலாகிவிடும், அந்தத் தோல் பிறகு எத்தனை அடித்தாலும் கரையாது. கொழுப்பு நிறைய இருப்பதால் ஃப்ரிட்ஜில் பக்கத்தில் இருக்கும் வெங்காயத்தின் வாடை, நறுக்கிய பழத்தின் வாடை எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

ஆகவே குளிர்ச்சி வேண்டும், காற்றுப் படக் கூடாது, இறுக்கமான மூடி வேண்டும். குளிர்ச்சி என்றால் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே. ஃப்ரிட்ஜின் கதவு அடிக்கடி திறந்து மூடுவதால் அங்கே வெப்பம் ஏறி இறங்கும், அதனால் கதவில் வைக்காதீர்கள், உள்ளே பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

பிரிக்கும்போதே கவனிக்க வேண்டியவை

முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கும்போது பிரியுங்கள். குளிர்ந்த கரு கெட்டியாக இருக்கும், எளிதில் உடையாது. வெள்ளைக் கரு அறை வெப்பத்துக்கு வந்தால்தான் நன்றாக நுரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதைப் பிரித்த பிறகு தனியாக அரை மணி நேரம் வெளியே வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் மஞ்சள் கரு ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும்.

உடைத்த ஓட்டின் இரண்டு பாதிகளுக்கு இடையே கருவை மாற்றி மாற்றிப் பிரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எடுத்து வைக்கப்போகிற கருவுக்கு அது வேண்டாம். ஓட்டின் வெளிப்பக்கத்தில் இருக்கும் அழுக்கும் கிருமியும் உள்ளே வர அதுவே வழி, ஓட்டின் கூர்முனை பட்டுக் கருவும் கிழியும். நன்றாகக் கழுவிய கையின் விரல்களுக்கு நடுவே வெள்ளைக் கருவை வழியவிடுங்கள், அல்லது முட்டை பிரிக்கும் கரண்டியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மேல் உடைத்து, நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பிறகு பெரிய கிண்ணத்தில் சேருங்கள். கடைசி முட்டை ஒன்று கெட்டிருந்து, அது ஏற்கெனவே பிரித்த பதினொன்றின் மேல் விழுந்தால் எல்லாமே போச்சு. கருவில் சிறிய ரத்தப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், அது கெட்டதற்கான அடையாளம் கிடையாது, கத்தி முனையால் எடுத்துவிட்டால் போதும்.

கருவோடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாக, முறுக்கிய கயிறு மாதிரி ஒன்று வரும். கருவை நடுவில் நிறுத்தி வைக்க முட்டைக்குள் இருக்கும் கயிறு அது. சாப்பிடலாம், தீங்கில்லை. உறைய வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பிற்பாடு வடிகட்டி எடுத்துவிடலாம், முழுதாக வைக்கும் கருக்களில் அதை இழுக்கப் போகாதீர்கள், பை கிழிந்துவிடும்.

உடையாமல் வந்தவற்றை ஒரு கிண்ணத்திலும் உடைந்தவற்றை இன்னொன்றிலும் போடுங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

நாளைக்கோ மறுநாளோ தேவை என்றால்: தண்ணீர்

முழுதாக இருக்கும் கருக்களுக்கு இதுதான் வழி. மூடி இறுக்கமாகப் பொருந்தும் சின்ன டப்பாவை எடுங்கள். டப்பா பெரிதாக இருந்தால் கருக்கள் உருண்டு மோதி உடையும். கருக்களை ஒரே அடுக்காக மெதுவாக வையுங்கள். அப்புறம் குடிக்கிற குளிர்ந்த தண்ணீரை டப்பாவின் ஓரமாக, கருவின் மேல் நேராக விழாதபடி ஊற்றி, கரு முழுகும் அளவுக்கு நிரப்பி மூடிவிடுங்கள். தண்ணீர் இங்கே செய்யும் வேலை காற்றுப் படாமல் தடுப்பது மட்டும்தான், கெடாமல் காப்பது ஃப்ரிட்ஜின் குளிர்ச்சி.

இதற்கு 2 நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருவுக்குள் இருக்கும் சத்துக்கள் தண்ணீரை மெல்ல உள்ளே இழுக்கும், பை உப்பித் தளர்ந்துபோகும், தொட்டாலே உடையும் நிலைக்கு வரும். எடுக்கும்போது தண்ணீரை முதலில் வடித்துவிட்டுக் கருவைக் கையாலோ துளையுள்ள கரண்டியாலோ தூக்குங்கள். தண்ணீரோடு சேர்த்துச் சாய்த்தால் கண்டிப்பாக உடையும்.

உடைந்த கருவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கலந்து நீர்த்துவிடும். அதைச் சின்னக் கிண்ணத்தில் சேர்த்து, ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் கருவின் மேல்பரப்பிலேயே படும்படி, நடுவில் காற்றுக் குமிழி இல்லாமல் தடவி ஒட்டுங்கள். கிண்ணத்தின் வாயை மட்டும் மூடினால் உள்ளே இருக்கும் காற்றே தோல் கட்டப் போதும். இதற்கும் 2 நாள்தான், சொல்லப்போனால் மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது.

சமைக்காத மஞ்சள் கருவை 2 முதல் 4 நாள் வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றும் படித்திருப்பீர்கள், அதிலும் தவறில்லை. நான் 2 நாளோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்றாவது நாள் கருவின் தரம் எனக்குத் திருப்தியாக இருந்ததே இல்லை. அதற்கு மேல் தள்ளும் என்று தோன்றினால் முதல் நாளே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுகிறேன்.

உறைய வைப்பது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். வெள்ளைக் கருவை அப்படியே உறைய வைத்து எடுத்தால் பழையபடி இருக்கும், நுரைக்கவும் செய்யும். அதே நம்பிக்கையில் முதல் தடவை 8 மஞ்சள் கருவை எதுவும் சேர்க்காமல் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். எடுத்துக் கரைய விட்டபோது அது கரையவே இல்லை. பனி போய்விட்டது, ஆனால் கரு களிம்பு மாதிரி கெட்டியாக நின்றது, விரலால் எடுத்துத் தடவலாம் போல. அதைப் பாலில் அடித்துக் கஸ்டர்ட் செய்யப் பார்த்தேன், பால் முழுக்க மஞ்சள் துணுக்குகள், எவ்வளவு அடித்தும் போகவில்லை.

காரணம் இதுதான். மஞ்சள் கருவில் கொழுப்பும் புரதமும் சேர்ந்த மிக நுண்ணிய உருண்டைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. சுமார் மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போகும்போது தண்ணீர் பனிப் படிகமாகப் பிரிந்துவிட, மிஞ்சிய கொஞ்ச இடத்தில் இந்த உருண்டைகள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பனி உருகித் தண்ணீர் திரும்பி வந்தாலும் ஒட்டியவை பிரிவதில்லை. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் ஓடுகிறது, அதனால் இதிலிருந்து தப்ப முடியாது. உப்பையோ சர்க்கரையையோ முன்கூட்டியே கலந்துவிட்டால் அவை தண்ணீரில் ஒரு பகுதியை உறையவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன, உருண்டைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், கெட்டிப்படுவது பெரிதும் குறையும். பேக்கரிகளுக்குப் போகும் உறைந்த மஞ்சள் கருவிலும் 10 சதவீதம் சர்க்கரையோ உப்போ சேர்ப்பது இதற்காகத்தான்.

வீட்டு அளவு இது:

4 மஞ்சள் கருவுக்கு, அதாவது ஏறக்குறைய கால் கப்புக்கு, 1/8 டீஸ்பூன் தூள் உப்பு அல்லது 1½ டீஸ்பூன் சர்க்கரை.

8 கரு என்றால் கால் டீஸ்பூன் உப்பு அல்லது 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை. 12 என்றால் உப்பு 1/8 டீஸ்பூன் மூன்று தடவை, சர்க்கரையாக இருந்தால் 1½ டேபிள்ஸ்பூன். தராசு இருந்தால் இன்னும் சுலபம்: 100 கிராம் கருவுக்கு 1 கிராம் உப்பு, அல்லது 8, 9 கிராம் சர்க்கரை. பெரிய முட்டை ஒன்றின் மஞ்சள் கரு 17, 18 கிராம் வரும். 1/8 டீஸ்பூன் அளவுக் கரண்டி இல்லாவிட்டால் கால் டீஸ்பூனில் பாதி எடுங்கள். கல் உப்பு வேண்டாம், சீக்கிரம் கரையாது, அளவும் மாறிவிடும்.

உப்பா சர்க்கரையா என்பதுதான் ஆரம்பத்தில் சொன்ன அந்த முடிவு. கஸ்டர்ட், ஐஸ்கிரீம், கேக், இனிப்பு பிஸ்கட் என்று போகப்போவதாக இருந்தால் சர்க்கரை. சாஸ், பாஸ்தா மாவு, ரொட்டியின் மேல் தடவுவது, சூப்பைக் கெட்டியாக்குவது என்றால் உப்பு. இன்னும் தெரியவில்லை என்றால் உப்பைத் தேர்ந்தெடுங்கள். 4 கருவில் 1/8 டீஸ்பூன் உப்பு இருப்பது இனிப்புப் பலகாரத்திலும் பெரிதாகத் தெரியாது, ஆனால் 1½ டீஸ்பூன் சர்க்கரை ஒரு சாஸில் நன்றாகவே தெரியும்.

செய்முறைக்கு வருவோம். கருக்களைக் கிண்ணத்தில் போட்டு அளந்த உப்பையோ சர்க்கரையையோ தூவி, ஒரு முள்கரண்டியால் உடைத்து மெதுவாகக் கலக்குங்கள். பீட்டரை எடுக்காதீர்கள், நுரை வந்தால் அந்தக் காற்றுக் குமிழிகள் ஃப்ரீசரில் காய்ந்து போகும். உப்போ சர்க்கரையோ கரைய ஐந்து பத்து நிமிடம் விட்டு, இன்னொரு முறை கிளறி, பிறகு ஒரு வடிகட்டியில் ஸ்பூனின் பின்புறத்தால் தேய்த்து இறக்குங்கள். அந்த வெள்ளைக் கயிறும் பையின் துண்டுகளும் மேலே தங்கிவிடும். வடிகட்டாமலும் வைக்கலாம், ஆனால் கஸ்டர்ட் மாதிரி வழுவழுப்பாக வேண்டியதற்கு இந்த ஒரு நிமிட வேலை நிச்சயம் தேவை.

அடுத்தது ஐஸ் ட்ரே. ஒரு டேபிள்ஸ்பூன் கலவை ஏறக்குறைய ஒரு மஞ்சள் கருவுக்குச் சமம். உங்கள் ட்ரேயின் ஒரு குழியில் எத்தனை டேபிள்ஸ்பூன் பிடிக்கிறது என்று முதலில் தண்ணீரை ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள், பல ட்ரேக்களில் இரண்டு பிடிக்கும். ஒரு குழிக்கு ஒரு கரு என்று ஊற்றி வைத்தால் பிறகு வேண்டிய எண்ணிக்கையில் எடுக்கலாம். சிலிக்கான் ட்ரே இருந்தால் நல்லது, கட்டியை வெளியே தள்ளும்போது உடையாது. ட்ரேயை மூடி, ஃப்ரீசரின் அதிகக் குளிர் உள்ள இடத்தில் ஐந்தாறு மணி நேரம் அல்லது இரவு முழுவதும் வையுங்கள். சர்க்கரை சேர்த்த கட்டிகள் கல் மாதிரி இறுகாது, கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். கட்டிகளை எடுத்து ஜிப் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ட்ரேயிலேயே விட்டுவைத்தால் சில நாளில் ஓரங்கள் வறண்டு ஃப்ரீசர் வாடை ஏறிவிடும்.

மொத்தமாக ஒரே தடவையில் பயன்படுத்தப் போகிறீர்களா, அப்படியானால் ட்ரே தேவையில்லை. பையிலேயே ஊற்றி, தட்டையாகப் படுக்க வைத்து உறைய வையுங்கள். மெல்லிய பலகை போல் உறைந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும், இந்த இரண்டு வேகமும் கெட்டிப்படுவதைக் குறைக்கும். டப்பாவில் ஊற்றினால் மேலே ஒரு விரல் இடைவெளி விடுங்கள், உறையும்போது விரியும்.

லேபிள் ஒட்டாமல் உள்ளே வைக்காதீர்கள். எத்தனை கரு, உப்பா சர்க்கரையா, எவ்வளவு, என்ன தேதி. "மஞ்சள் கரு 4, சர்க்கரை 1½ டீஸ்பூன்" என்று எழுதி அதன் கீழே தேதி, அவ்வளவுதான். உறைந்த பிறகு உப்புப் போட்டதும் சர்க்கரை போட்டதும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். பையை நிரப்பும் முன்பே எழுதிவிடுங்கள், ஈரமான பையில் மார்க்கர் பிடிக்காது.

அடித்து உறைய வைத்த முட்டையை ஒரு வருடம் வரை வைக்கலாம் என்பதுதான் பொதுவான கணக்கு. மைனஸ் 18-இல் கெட்டுப்போகாது, ஆனால் சுவை மெல்ல மங்கும். நான் மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுகிறேன்.

உருக வைப்பதும் பயன்படுத்துவதும்

முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், காலையில் தயாராக இருக்கும். அவசரம் என்றால் இறுக மூடிய பையைக் குளிர்ந்த குழாய் நீரில் முக்கி வையுங்கள், சின்னக் கட்டிகள் அரை மணி நேரத்துக்குள் உருகிவிடும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, நடுவில் பனியாக இருக்கும்போதே ஓரம் வெந்துபோகும். மேடையில் வைத்து உருக விடுவதும் வேண்டாம். சமைக்காத முட்டை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இருக்கும் நேரத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன, மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் அந்த நிலையில் விடக் கூடாது, அறை 32 டிகிரியைத் தாண்டி இருந்தால் 1 மணி நேரம்தான்.

உருகிய பிறகு ஒரு தடவை நன்றாகக் கலக்கிவிடுங்கள். புதுக் கருவைவிடக் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், அது சாதாரணம். அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், மீண்டும் உறைய வைக்காதீர்கள். சேர்த்த உப்பையோ சர்க்கரையையோ செய்முறையில் உள்ள அளவிலிருந்து கழிக்க மறக்க வேண்டாம், லேபிளில் எழுதச் சொன்னது இதற்கும்தான்.

எதுவும் சேர்க்காமல் உறைய வைத்துக் களிம்பாகிப் போன கரு ஏற்கெனவே உங்கள் ஃப்ரீசரில் இருந்தால் கொட்டாதீர்கள். ஒரு ஸ்பூன் தண்ணீரோ பாலோ சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டி, வடிகட்டியில் தேய்த்தால் ஓரளவு இளகும். கஸ்டர்டுக்கு ஆகாது, ஆனால் கேக் மாவிலும் பிஸ்கட் மாவிலும் வெண்ணெயோடு சேர்த்து அடித்துவிட்டால் வித்தியாசமே தெரியாது. என் 8 கருவும் கடைசியில் அப்படித்தான் பிஸ்கட்டாக முடிந்தது, நன்றாகவும் இருந்தது.

வேகவைத்து எடுத்து வைப்பது

உப்பு, சர்க்கரை, அளவு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு இது. வெந்த வெள்ளைக் கருவை உறைய வைத்தால் ரப்பர் மாதிரி ஆகித் தண்ணீர் விடும், வெந்த மஞ்சள் கருவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உடையாத கருக்களை அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காக வைத்து, அவற்றுக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஓரமாக ஊற்றுங்கள். அடுப்பில் வைத்துக் கொதி வந்ததும் அணைத்து, மூடி, 12 நிமிடம் அப்படியே விடுங்கள். ஜல்லிக் கரண்டியால் எடுத்து ஈரம் வடித்து, ஆறவிட்டு, டப்பாவில் போட்டு மூடுங்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 3 மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டோடு அதிக நேரம் வேகவைத்த முட்டையில் கருவைச் சுற்றி வரும் அந்தப் பச்சை வளையம் இதில் வராது. அது வெள்ளைக் கருவிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்வதால் உண்டாவது, இங்கே வெள்ளைக் கருவே இல்லையே.

இதைத் துருவி சாலட்டின் மேல் தூவலாம், மசித்து சாண்ட்விச்சில் வைக்கலாம், சாஸில் கரைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, வடிகட்டியில் தேய்த்து மாவாக்கி வெண்ணெய் பிஸ்கட் மாவில் சேர்ப்பது. கரு ஏற்கெனவே வெந்திருப்பதால் மாவை ஈரமாக்காது, பிஸ்கட் வாயில் போட்டதும் பொடிந்து கரையும்.

உப்பில் புதைத்து உலர்த்துவது

இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காத சுவை. கடினமான பாலாடைக்கட்டியைத் துருவுவது போல மெல்லிய இழையாகத் துருவிச் சூடான உணவின் மேல் தூவலாம்.

6 கருவுக்கு 400 கிராம் உப்பும் 200 கிராம் சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள், டப்பா அகலமாக இருந்தால் இன்னும் தேவைப்படும். பாதியைப் பரப்பி, ஓட்டோடு ஒரு முட்டையை வைத்து அழுத்திக் குழிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரு. குழிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது, கருவுக்குக் கீழே அடியில் ஒரு சென்டிமீட்டராவது உப்பு இருக்க வேண்டும். மீதியை மேலே தூவி முழுவதும் மறைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் 4 முதல் 7 நாள். எடுக்கும்போது கெட்டியாக, லேசாக ஒளி ஊடுருவும்படி இருக்கும். குளிர்ந்த நீரில் உப்பைக் கழுவித் துணியால் ஒற்றி, எண்ணெய் தடவிய கம்பி வலை மேல் வைத்து, ஓவனை 65, 70 டிகிரியில் வைத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வரை இருக்கும்.

உப்பில் புதைத்ததாலேயே எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். உப்பு கருவின் ஈரத்தை இழுத்து அவை பெருகாமல் தடுக்கும், முழுமையாக வேகவைத்ததற்கு அது ஈடாகாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இதைத் தவிர்ப்பதே சரி.

சேமிப்பதற்குப் பதில் செய்தே வைத்துவிடுவது

சில நாட்களில் இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். எலுமிச்சை கர்ட் (எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, கரு, வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் கெட்டியான இனிப்பு, தயிர் அல்ல) செய்துவிட்டால் அதை அப்படியே உறைய வைக்கலாம், அதிலேயே சர்க்கரை நிறைய இருப்பதால் கரு கெட்டிப்படாது. ஐஸ்கிரீமுக்கான கஸ்டர்டைக் காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கடையலாம், அரை லிட்டர் பாலுக்கு 4 அல்லது 5 கரு போகும். முழு முட்டை கேட்கும் செய்முறையில், அது கேக்காகவோ பிஸ்கட்டாகவோ இருந்தால், ஒரு முட்டைக்குப் பதில் 2 மஞ்சள் கருவும் 1 டேபிள்ஸ்பூன் தண்ணீரும் சேர்க்கலாம். கேக் கொஞ்சம் அடர்த்தியாக வரும், உயரம் குறையும், ஆனால் ஈரப்பதமும் நிறமும் நன்றாக இருக்கும். ஒரே ஒரு கருதான் மீந்தது என்றால் ஒரு டீஸ்பூன் பால் விட்டுக் கலக்கி அன்றைய ரொட்டியின் மேல் தடவிவிடுங்கள், அதற்காக டப்பா தேட வேண்டாம்.

12 கரு மீந்தால் நான் பெரும்பாலும் இப்படிப் பிரிப்பேன்: உடைந்தவை எல்லாம் சர்க்கரையோடு ஃப்ரீசருக்கு, முழுதாக இருப்பவற்றில் நாளைக்கு நிச்சயம் தேவைப்படும் இரண்டு மூன்று தண்ணீருக்குள், மீதி வேகவைக்க. எல்லாம் சேர்த்து கால் மணி நேர வேலை, அதுவும் வெள்ளைக் கரு நுரைத்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும்.

எப்போது கொட்டிவிட வேண்டும்

எடுத்து வைத்த சமைக்காத கருவை முழுதாகச் சமைக்கும் பண்டங்களுக்கே பயன்படுத்துங்கள், 71 டிகிரி வரை சூடேற வேண்டும். சமைக்காத கரு சேரும் மயோனைஸுக்கு அன்றைக்கு உடைத்த முட்டை, அதிலும் பாஸ்சரைஸ் செய்தது, அதாவது கிருமி சாகும்படி மிதமாகச் சூடாக்கியது கிடைத்தால் அது. நாள்பட்ட கருவை அதற்கு எடுக்காதீர்கள்.

வாடை வந்தாலோ, கொழகொழவென்று பிசுபிசுத்தாலோ, பச்சையோ கறுப்போ திட்டுத் தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஆனால் வாடை வராததை வைத்து நல்லது என்று முடிவு செய்யவும் முடியாது. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கும் முட்டை பார்வையிலும் மணத்திலும் சுவையிலும் நல்ல முட்டையைப் போலவே இருக்கும். அதனால்தான் மூக்கை நம்பாமல் தேதியை நம்பச் சொல்கிறேன், தேதி எழுதாத டப்பா என்றால் எத்தனை கரு இருந்தாலும் அது போகட்டும். கிண்ணம், ஸ்பூன், வடிகட்டி எல்லாவற்றையும் முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள், சூடான நீரை முதலில் ஊற்றினால் ஒட்டியிருக்கும் கரு வெந்து வடிகட்டியின் கண்களில் இறுகிவிடும். அப்புறம் சூடான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு எடுத்து வையுங்கள்.